துவக்குச் சேர்

துவக்குச் சேர் மௌத்தாகிவிட்டார் என்று போன மாதம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். சொன்னார், அவ்வளவுதான். நான் உடலைப் பார்க்கவில்லை. கண்ணால் பார்க்காத ஒன்றை ஆமாம் என்று ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வருவதில்லை. இந்த வியாதியை எனக்கு ஒட்டவைத்ததே அவர்தான்.

சும்மா சொல்லவில்லை, வியாதிதான். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வாசலில் இப்போது எனக்குத் துவக்கில்லாத காவல் வேலை. காலையில் பஸ்ஸுக்கு இறங்கும்போது “கேஸ மூடிட்டேம்மா” என்று மகள் சொல்வாள். பாதிப் படி இறங்கியவள் திரும்ப ஏறிப் போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். “என்னைய நம்பவே மாட்டியா?” என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நம்பாமல் என்ன, பெற்ற பிள்ளை. ஆனால் கை கேட்கமாட்டேன் என்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் விடாது. மூடியிருந்ததைப் பார்த்தேனா, பார்த்ததாக நினைத்தேனா என்று நானுஓயா வரும்வரை ஒரே அரிப்பு.

அவருக்குப் பெயர் இருந்தது. கம்பெனிக் கடிதங்களில் எல்லாம் அது இருக்கும். நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. பொலிஸில் வேலை பார்த்து பென்ஷன் எடுத்த மலாய் முஸ்லிம். குள்ளமான ஆள். சட்டை மடிப்பு கலையாது. எந்த வாக்கியத்தையும் ஒருமுறை தமிழில், ஒருமுறை சிங்களத்தில் சொல்வார். குரலை உயர்த்தியதே கிடையாது. காவலாளிகளை வேலைக்கு அனுப்பும் தனியார் கம்பெனிகள் எங்கள் பக்கத்தில் சில உண்டு. அவர்களுடைய ஆட்களுக்குத் துவக்கு, அதாவது துப்பாக்கி, பிடிக்கப் பழக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது அவர் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒருத்தரும் துவக்கைத் தொட முடியாது. வருசத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

எனக்கும் துவக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. ஸ்டோர் என்றுதான் நாங்கள் சொல்வோம். வேலை முடிந்து வெளியே போகும் பெண்களின் பையைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் என்று என்னை எடுத்தார்கள். வாசலில் துவக்கோடு நிற்கும் செல்லையா அண்ணன் சாப்பிடப் போனால், அவர் வரும்வரை யார் பிடிப்பது? அதற்காக என்னையும் பழகிவரச் சொன்னார்கள். நிரந்தர வேலை வேண்டுமென்றால் போ, வேண்டாமென்றால் விடு என்றார்கள். போனேன்.

ஹட்டனில் ஒரு பழைய மண்டபம். பதினொரு பேரில் நான் ஒருத்திதான் பெண். சேர் வந்தார். மேசைமேல் ஒரு இரட்டைக்குழல் துவக்கை வைத்தார்.

“இதுல தோட்டா இருக்கா?”

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். முன்பு பஸ் கண்டக்டராக இருந்த ரவி என்பவன்தான் வாய் திறந்தான். “காலிதான் சேர். தோட்டாவப் போட்டுக்கிட்டு யாராவது மேசையில வைப்பாங்களா?”

“என்னைய எத்தன வருசமாத் தெரியும் தம்பி?”

“இன்னிக்குத்தான் சேர் பார்க்குறேன்.”

“பின்ன எப்புடி என்னைய நம்புனீங்க?”

அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார். பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி. மூன்று மணிக்கு, “சரி, நாளைக்கு வாங்க” என்றார். மறுநாளும் அதே மேசை, அதே துவக்கு, அதே கேள்வி, அதே பேப்பர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வயசுப் பிள்ளையைப் பக்கத்து லயத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன். இந்த ஆள் விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருக்கிறார். எழுந்துவிட்டேன்.

“இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது சேர். அதத் தொறக்கவும் தெரியாது. எப்புடின்னு காட்டுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்!”

பேப்பரை மடித்து வைத்தார். “இந்த வார்த்தைக்குத்தான் ரெண்டு நாளா ஒக்காந்திருக்கேன், புள்ள” என்றார்.

குழலை மடித்துத் திறந்து காட்டினார். உள்ளே இரண்டு தோட்டா இருந்தது. மருந்து இல்லாத பழக்கத் தோட்டாதான். இருந்தாலும் ரவியின் முகம் செத்துப்போனது.

அதற்குப் பிறகு எட்டு நாளும் அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம். துவக்கு கைக்கு வந்தால் திற. கண்ணால் பார். கண்ணை நம்பாதே, இரண்டு குழலிலும் சுண்டுவிரலை விட்டுப் பார். பிறகு பக்கத்தில் நிற்கிறவரிடம் காட்டு. அவரும் பார்த்து, அவரும் விரலை விட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவரே பார்த்துவிட்டு உன்னிடம் தந்த துவக்கை நீ திருப்பிக் கொடுத்தாலும், அவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அந்த மழைக்குளிரில் இரும்புக்குள் விரலை விட்டு விட்டு எங்கள் சுண்டுவிரல் எல்லாம் மரத்துப்போனது. அவருடைய சுண்டுவிரல் நகம் எண்ணெய் ஏறிக் கறுத்தே போயிருந்தது.

காலி என்ற சொல்லை அவர் வகுப்பில் சொல்லக்கூடாது. சிங்களப் பையன்கள் ‘ஹிஸ்’ என்று சொல்லக்கூடாது. சொன்னால் மண்டபத்துப் படிகளில் ஆறு தடவை இறங்கி ஏற வேண்டும். “காலின்னு சொல்லாத. பார்த்தேன்னு சொல்லு. யார்கிட்ட காட்டுனன்னு சொல்லு” என்பார்.

துவக்கோடு நின்றால் பரவாயில்லை. மனுசன் எல்லாவற்றிலும் அப்படித்தான். சப்பாத்தைக் கவிழ்த்து உதறி, உள்ளே அட்டை இருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்துத்தான் காலில் போடுவார். தேத்தண்ணிக் கடையில் வெறுங்கோப்பையை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றச் சொல்வார். பொண்டாட்டி கட்டிக்கொடுத்த சோற்றுப்பெட்டியைப் பத்து மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்து மூடிவைப்பார். ஒருநாள் ரவி கேட்டேவிட்டான். “சேர், பொண்ணு பார்க்கப் போன எடத்துல என்னத்தையெல்லாம் பார்த்தீங்க?”

எல்லோரும் கொல்லென்று சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே யோசித்தார். “கூரைய. ஒழுகுச்சு. சொன்னேன். கோவிச்சுக்கிட்டாங்க.”

எங்கேயோ ஒரு விபத்தைப் பார்த்திருப்பார், அதனால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். நானே ஒருநாள் கேட்டேன். “அப்புடி என்னா சேர் நடந்துச்சு ஒங்களுக்கு?”

“ஒண்ணும் நடக்கல” என்றார். “நடந்தாத்தான் பார்க்கணுமா?”

கடைசி நாள் பரீட்சை. வட்டவளைக்கு மேலே, யாரும் இப்போது கல் உடைக்காத ஒரு குவாரி. ஆளுக்கு இரண்டே தோட்டா. தூரத்தில் ஒரு தகரம். என் முதல் குண்டு எங்கே போனதென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இரண்டாவது தகரத்தில் பட்டது. நான் பூரித்துப்போய் அவரைப் பார்த்தேன். அவர் தகரத்தின் பக்கமே திரும்பவில்லை. “தகரத்த யாரு கேட்டா? தொறந்து காட்டு” என்றார்.

ரவி முதல் குண்டிலேயே தகரத்தின் நடுவில் அடித்தான். சந்தோசம் தாங்காமல் “பார்த்தீங்களா!” என்று துவக்கோடு எங்கள் பக்கம் திரும்பினான். இரண்டாவது தோட்டா இன்னும் குழலுக்குள் இருந்தது. அந்தக் குழல் எங்கள் பத்துப் பேர் நெஞ்சுக்கும் நேரே போய் வந்தது. சேர் ஓடவில்லை, கத்தவில்லை. நடந்து போய்க் குழலைக் கையால் கீழே அழுத்தி, துவக்கை வாங்கிக்கொண்டார். ரவியின் தாளில் கையெழுத்துப் போடவில்லை.

ரவி காலில் விழாத குறை. பொண்டாட்டி மாசமாக இருக்கிறாள் என்றான். நாங்களும் கெஞ்சினோம். எனக்கோ கோபம். அவர் சோற்றுப்பெட்டியோடு பாறையில் உட்கார்ந்திருந்த இடத்துக்கே போய், “ஒரு தடவ தானே சேர்? மனுசன்னா கொஞ்சமாவது எரக்கம் வேணாமா?” என்று கேட்டேன்.

“பாவந்தான். நல்ல புள்ள அவன்” என்றார். பெட்டியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

இந்த மனுசனை எனக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால் இன்றைக்கும் நேராகப் பதில் சொல்லத் தெரியவில்லை. திட்டிக்கொண்டேதான் ஸ்டோருக்குத் திரும்பினேன். ஆனால் செல்லையா அண்ணன் முதல் தடவை துவக்கை நீட்டி, “காலிதான் தங்கச்சி, புடி” என்றபோது, என் கை தானாகவே குழலை மடித்தது. அண்ணன் சிரித்தார். இரண்டாவது நாள் முகம் சுருங்கியது. ஒரு மாதம் போனபிறகு மறுபடி சிரிக்க ஆரம்பித்தார். ஸ்டோர்ப் பெண்கள் எனக்கு விரலு அக்கா என்று பட்டம் வைத்தார்கள். “விரலு அக்கா, என் பையையும் விரல விட்டுப் பாருங்க” என்று வாசலில் நின்று நையாண்டி பண்ணுவார்கள்.

செல்லையா அண்ணன் தங்கமான ஆள். என் மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது என் வேலையையும் சேர்த்து இரண்டு நாள் பார்த்தவர். அறுபது வயசாகி ஓய்வு கிடைக்க அவருக்கு நாலே மாதம் இருந்தது. அந்த நேரத்தில்தான் ஆயுத பூசை வந்தது.

ஸ்டோரில் ஆயுத பூசை என்றால் சாதாரணம் இல்லை. அன்றைக்கு எந்த மெசினும் ஓடாது. கொழுந்து அரைக்கும் உருளைக்கும் குங்குமம் வைப்பார்கள். வாசலில் வாழைமரம். அம்மன் படத்துக்கு முன்னால் நீளமாக ஒரு பலகை போட்டு, கவ்வாத்துக் கத்தி, ஸ்பேனர், தராசு, சாவிக்கொத்து, கூடவே எங்கள் துவக்கு, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் பூசி, மாலை போட்டுப் படைப்பார்கள். படைத்தபிறகு மறுநாள் காலைப் பூசை முடியும்வரை அதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் குற்றம்.

நான் இரண்டு மணிக்கு வேலைக்குப் போனேன். வெளியே நல்ல மழை. உள்ளே தப்பு அடிக்கிறார்கள், பூசாரி கற்பூரத்துக்குத் தயாராகிறார். தோட்டத்துத் தொரையும், ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவும் முன்னால் நிற்கிறார்கள். பலகைக்கு எதிரே மாடிப் படியில் லயத்துப் பிள்ளைகள் பொரி கடலைக்காக வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. மாலை போட்ட துவக்கின் குழல் நேராக அந்தப் படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பொரித் தட்டோடு நின்ற செல்லையா அண்ணனிடம் போனேன். “அண்ணே, தோட்டாவ எடுத்துட்டீங்களா?”

“எடுத்தாச்சு, எடுத்தாச்சு. காலையிலயே எடுத்துப் பெட்டியில வச்சுட்டேன்.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“வாழமரம் கட்டுறதுக்கு முன்னாலயா... ஏய், எடுத்துட்டேங்குறேன்ல? நல்ல நாளும் அதுவுமா ஆரம்பிக்காத தாயி.”

தோட்டாப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிடலாம் என்றால், அதன் சாவியும் அம்மன் முன்னால் சந்தனம் பூசிக்கொண்டு கிடக்கிறது. அப்போதுதான் அவரைப் பார்த்தேன். இரண்டாவது வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் துவக்குச் சேர். வருசாந்தரச் சோதனைக்கு வந்தவரை, துவக்கை நாளைக்குப் பார்க்கலாம், பூசைக்கு இருந்துவிட்டுப் போங்கள் என்று தொரை உட்காரவைத்திருக்கிறார். சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு, காலை ஆட்டிக்கொண்டு, துவக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

“நீ பார்த்தியா?” என்று கேட்டார்.

“இல்ல சேர். எடுத்துட்டதா அண்ணன் சொல்றாரு.”

அவர் சுண்டுவிரல் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருந்தது. “நான் அங்க ஏறிக் கைய வைக்கக்கூடாது புள்ள. ஒங்க சாமி.”

“நானும் இன்னிக்கு அங்க போகக்கூடாது சேர்” என்றேன். எனக்கு அன்றைக்கு மூன்றாம் நாள். அவர் புரிந்துகொண்டு தலையைக் குனிந்தார்.

என்ன செய்வேன்? காலியாக இருந்தால் ஊர்ச் சிரிப்பு, பூசையைக் கெடுத்த பழி, இன்னும் நிரந்தரமாகாத வேலையும் போகும். போகாமல் இருந்தால், சாம்பிராணிப் புகைக்கு நடுவில் ஒரு பிள்ளை ஓடிப்போய் அந்த விசையில் கைவைக்க எவ்வளவு நேரமாகும்? அம்மனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே நடந்தேன்.

தப்பு நின்றுபோனது. “ஏய், யாரும்மா அது! தொடாத!” என்று பூசாரி கத்தினார்.

“என்னா இது?” என்றார் டீமேக்கர் ஐயா.

“துவக்க ஒரு தடவ பார்க்கணும் ஐயா. புள்ளைங்க இருக்காங்க.”

“என்னைய நம்பலையா நீயி?” செல்லையா அண்ணனின் குரல் உடைந்தது. “இத்தன பேருக்கு முன்னால என்னைய அசிங்கப்படுத்துறியே தங்கச்சி!”

நான் நிற்கவில்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, மாலையை விலக்கிக் குழலை மடித்தேன். இரண்டு தோட்டா. நிஜத் தோட்டா. பித்தளை அடி இரண்டும் என்னைப் பார்த்து மினுங்கின.

உருவி எடுத்தேன். விரலை விட்டேன், இரண்டு குழலிலும். திரும்பினேன். தொரைக்குப் பக்கத்தில், பொரித் தட்டைப் பிடித்தபடி, கண் கலங்கி நிற்கிறார் செல்லையா அண்ணன். என் கை தோட்டாக்களோடு மழைக்கோட்டுப் பைக்குள் போனது.

“என்னா?” என்றார் டீமேக்கர் ஐயா.

“காலிதான் ஐயா” என்றேன்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு, பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பூசாரி என்னைத் திட்டிக்கொண்டே மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நான் குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு இறங்கினேன். அந்தச் சொல் காதில் விழுந்தால் பொறுக்காத மனுசன் இப்போது எழுந்து வருவார், திற என்பார் என்று பயந்து அவரைப் பார்த்தேன். அவர் என் மழைக்கோட்டுப் பையைப் பார்த்தார். பிறகு அம்மன் படத்தைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் அண்ணனை ஸ்டோருக்குப் பின்னால் கூப்பிட்டுப் பையைத் திறந்து காட்டினேன். அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டார். “புள்ளைங்க ஒக்காந்திருந்துச்சுங்களே... எடுத்தேன்னுதான் தாயி நெனச்சேன்...” என்று தலையில் அடித்துக்கொண்டார். நாலு மாதம் கழித்து அவரை மாலை போட்டு அனுப்பினார்கள். நான் அதற்கு முன்னாலேயே அங்கிருந்து போய்விட்டேன்.

ஏனென்றால் பூசைக்கு அடுத்த வாரம் ஹட்டன் மண்டபத்தில் என் கையெழுத்தைப் புதுப்பிக்கும் நாள். மற்றவர்களை எல்லாம் அனுப்பிவிட்டுக் கடைசியாக என்னைக் கூப்பிட்டார். சொன்னதையெல்லாம் செய்தேன். திறந்தேன், பார்த்தேன், விரலை விட்டேன், காட்டினேன். ஒரு பிழை இல்லை. என் தாளை எடுத்து வைத்துக்கொண்டார், பேனாவை எடுக்கவில்லை.

“போடுங்க சேர்.”

“அன்னிக்கு பூசையில தொறந்து யார்கிட்ட காட்டுன?”

“யார்கிட்டயும் இல்ல.”

“ஒண்ணா, ரெண்டா?”

“ரெண்டு.”

கண்ணை மூடித் திறந்தார். “ரெண்டு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

“காட்டியிருந்தா அண்ணன் வேல போயிருக்கும் சேர்.”

“போயிருக்கும்.”

“அப்ப நான் செஞ்சது தப்பா?”

“இல்ல.”

“பின்ன போடுங்க!” மேசையைத் தட்டிவிட்டேன். அழுகையும் வந்துவிட்டது. அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் ஸ்டோர் வேலை இல்லை என்று அவருக்கும் தெரியும்.

“ரெண்டு தோட்டாவ வச்சுக்கிட்டு காலின்னு சொன்ன வாயி, புள்ள. இனிமே நீ பார்த்தேன்னு சொன்னா நான் எத நம்பறது?”

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “நீங்க மட்டும்? என் பையப் பார்த்தீங்க. தெரிஞ்சுக்கிட்டுத்தானே பேசாம ஒக்காந்திருந்தீங்க? ஒங்களுக்கு யாரு கையெழுத்துப் போடுறது?”

அவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். சொல்வதைக் கேட்டால் போதாது என்று அவருக்குத் தெரியுமே, படிக்கட்டும் என்று காத்திருந்தார். துவக்குப் பழக்கும் வேலையிலிருந்து அன்றோடு விலகிக்கொள்வதாகக் கம்பெனிக்கு எழுதியிருந்தார்.

“என்னையும் நான் பாஸ் பண்ணல, புள்ள” என்றார்.